நின்றால் சூடு, ஓடினால் குளிர்: திருவொற்றியூர் டூ-சீட்டர் ஒன்றின் ஏசி ஆய்வு

வண்டியும் புகாரும்

வண்டி இரண்டே இருக்கை கொண்ட குட்டி ஸ்போர்ட்ஸ் கார். கறுப்புத் துணிக்கூரை, மடக்கித் திறக்கலாம். என்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு டனல், அதாவது கியர்பாக்ஸையும் சைலென்சர் பைப்பையும் மூடும் மேடு. 1989இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்து இந்த வகைக்கு மறுவாழ்வு கொடுத்த பிறகு பல கம்பெனிகள் செய்த அதே அமைப்பு. கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் கண்டுபிடித்த கோளாறுகள் எதுவும் அவர்கள் செய்ததும் இல்லை. எல்லாம் வயதும், ரோடும், நடுவில் கை வைத்தவர்களும் சேர்ந்து செய்தவை.

சொந்தக்காரருக்குத் திருவொற்றியூரில் வீடு, மண்ணடியில் கிளியரிங் ஏஜென்சி. காட்டுப்பள்ளி, மணலி என்று கன்டெய்னர் யார்டுகளுக்கும் அடிக்கடி போக வேண்டிய தொழில். வீட்டில் பெரிய வண்டி ஒன்று நிற்கிறது. அதில் போகலாம். போக மாட்டார். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில் சிறுவனாகப் போய்ப் பார்த்தவர். அந்த வயதில் பிடித்த ஆசையிடம் ஏசி கணக்கெல்லாம் பேச முடியாது.

அவர் சொன்ன புகார் இது: "ஓடசொல்ல ஜில்லுனு இருக்கு தம்பி. எக்ஸ்பிரஸ்வேல டிரெய்லர் பின்னாடி நின்னா போச்சு, கொஞ்ச நேரத்துல வென்ட்ல சுடுகாத்து. இடது கால் வேகுது. மதியம் கடல் காத்து வந்தா ஊருக்கே நல்லா இருக்கு, எனக்கு மட்டும் உள்ள புழுங்குது."

மூன்று விஷயம் சொல்கிறார். மூன்றும் தனித்தனித் தடயம். இதற்கு முன் போன பட்டறைகளில் மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்திருக்கிறார்கள்: ஏசி கேஸ். கடைசியாகப் போன இடத்தில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த அதிர்ச்சியில்தான் மாதவரத்தில் உள்ள எங்கள் பட்டறை வரை வந்தார்.

சின்ன கேபின் என்றால் சீக்கிரம் குளிர வேண்டாமா?

இப்படித்தான் எல்லோரும் கேட்பார்கள். உள்ளே இருப்பது சுமார் இரண்டு கன மீட்டர் காற்று. எடை இரண்டரைக் கிலோகூட வராது. அந்தக் காற்றை மட்டும் 20 டிகிரி இறக்க 50 கிலோஜூல் போதும். இரண்டு கிலோவாட் ஏசிக்கு அது அரை நிமிட வேலை. காற்று ஒரு பொருட்டே இல்லை. வெயிலில் கிடந்து 70 டிகிரியைத் தாண்டிய டேஷ்போர்டு, சீட், டனல் தகடு, துணிக்கூரையின் கம்பிகள் எல்லாம் உள்ளேயே இருந்துகொண்டு சூட்டை விட்டபடி இருக்கும். ஏசி சண்டை போடுவது இவற்றோடுதான்.

கேபின் சிறியது என்பதற்காகக் கண்ணாடி அதே விகிதத்தில் சிறியதாகிவிடுவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரில் முன் கண்ணாடி நன்றாகப் படுத்திருக்கும், ஏறக்குறைய ஒரு கூரைபோல. உச்சி வெயிலில் அதன் வழியே மட்டும் அரை கிலோவாட்டுக்கு மேல் உள்ளே வரும். டேஷ்போர்டு முகத்துக்கு ஒரு முழ தூரம், கூரைத் துணி தலைக்கு நாலு விரல், கியர்பாக்ஸ் முழங்காலுக்குப் பக்கத்தில். பெரிய காரில் தூரமாக இருக்கும் சூடான பரப்பெல்லாம் இதில் ஆளை ஒட்டி நிற்கும். வென்ட்டில் வரும் காற்று ஒரே குளிர்ச்சியில் இருந்தாலும், இதில் உட்கார்ந்தவருக்கு வெக்கை அதிகமாகத் தெரியும்.

கேஜ் சொன்னது

கேஸைத் தொடும் முன் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினோம். என்ஜின் ஓடாமல், எல்லாம் ஒரே சூட்டில் இருக்கும்போது ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் தன் வெப்பநிலைக்கு ஏற்ற அழுத்தத்தில் நிற்கும். காலை 34 டிகிரி என்றால் 110 பிஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டும். இருந்தது 125. கூடுதலாக இருந்த அந்த 15, காற்று. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் போடாமலோ அரைகுறையாகப் போட்டோ கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். கேஸ் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும் இடம் கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். காற்று அதில் திரவமாகாது. இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றும்.

மெஷினில் இழுத்து எடை பார்த்தோம். பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் 600 கிராம் என்கிறது. வெளியே வந்தது 740. பெரிய எஸ்யூவியில் 140 கிராம் கூடினால் சமாளித்துக்கொள்ளலாம். இத்தனை சின்ன சிஸ்டத்தில் அது கண்டென்சரின் கீழ்ப்பாதியில் திரவமாகத் தேங்கி, சூட்டை வெளியேற்றும் பரப்பையே குறைத்துவிடும். லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) முள்ளை மட்டும் பார்த்துக் கேஸ் தட்டும் பழக்கம் நம் ஊரில் போக மாட்டேன் என்கிறது. எடை மெஷின் ஒன்றும் கோடி ரூபாய் இல்லை.

கேஸை எடுக்கும் முன்பே ஓடவிட்டும் பார்த்திருந்தோம். வெளியே 37 டிகிரி, வண்டி நின்ற இடத்தில், என்ஜின் 1500 சுற்றில்: ஹை சைடு (அதிக அழுத்தப் பக்கம்) 310 பிஎஸ்ஐ, வென்ட்டில் 18 டிகிரி. ஆர்134ஏவுக்கு 310 என்றால் கண்டென்சருக்குள் 70 டிகிரிக்கு மேல் என்று அர்த்தம். டிரெய்லரின் புகை முகத்தில் அடிக்கும் இடத்தில் இது இன்னும் ஏறி, பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரின் ஓட்டத்தை வெட்டிவிடும். அவர் சொன்ன "சுடுகாத்து" அந்த நேரம்தான்.

கேஸைச் சரியாக 600 கிராம் போட்டு, கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் பாட்டிலையும் மாற்றி மறுபடி பார்த்தோம். ஹை சைடு 280க்கு வந்தது. முன்னேற்றம்தான், ஆனாலும் அந்தச் சூட்டில் இருக்க வேண்டிய அளவைவிட அதிகம். அப்படியென்றால் கண்டென்சருக்குப் போகும் காற்றிலேயே ஏதோ கோளாறு.

ஊதுபத்தி

ஃபேன் சுற்றுகிறது, சரியான திசையில் சுற்றுகிறது. கிரில் முன்னால் பேப்பர் துண்டைக் காட்டினால் நடுவில் ஒட்டிக்கொள்கிறது. சாதாரணமாக இதோடு விட்டுவிடுவார்கள். பட்டறைப் பையன் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியை எடுத்துவரச் சொன்னேன்.

கிரிலின் நடுவில் பத்தியைப் பிடித்தால் புகை நேராக உள்ளே போனது. ஓரத்துக்குக் கொண்டுபோனேன், புகை தயங்கியது. ரேடியேட்டருக்கு அடியில், பம்பரின் கீழ் உதட்டுக்குப் பின்னால் பிடித்ததும் புகை முன்பக்கமாக வளைந்து வந்து, கண்டென்சரின் கீழ்வரிசைக்குள் புகுந்தது. ஃபேன் என்ஜின் பக்கம் தள்ளிய சூட்டுக் காற்று அடிவழியாகச் சுற்றித் திரும்ப முன்னால் வருகிறது. அந்த இடத்தில் தெர்மாமீட்டர் வைத்தால் 52 டிகிரி. வெளியே 37. கண்டென்சரின் கீழ்ப்பகுதி குடித்துக்கொண்டிருந்தது தன் மூச்சையேதான்.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. குனிந்து பார்த்தால் அடி கவரே இல்லை. ரேடியேட்டருக்குக் கீழே பம்பரில் இருந்து பின்னால் நீளும் ஒரு பிளாஸ்டிக் தகடு அது. வண்டி தாழ்ந்தது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்து உள்தெருவுக்குத் திரும்பினால் ஸ்பீட் பிரேக்கர்கள் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு உயரம். உரசி உரசித் தொங்கியிருக்கிறது. யாரோ ஒரு பட்டறையில், தேவையில்லாத பிளாஸ்டிக் என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் பக்கவாட்டில் இருக்க வேண்டிய ஃபோம் பட்டையும் பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று இந்த ஓட்டைகளையெல்லாம் மீறி முன்னாலிருந்து அடித்துத் தள்ளும். நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி, அது எளிதான வழியில் பழைய காற்றையே இழுக்கும். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்பதன் பாதி விடை இது.

அதே பத்தியைக் கேபினுக்குள் கியர் லீவருக்குப் பக்கத்தில் பிடித்தோம், லெதர் உறையைத் தூக்கிவிட்டு. புகை மேல்நோக்கித் தள்ளப்பட்டது. லீவரின் அடியில் உள்ள உள் ரப்பர் பூட் வட்டமாகக் கிழிந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கிழிசல் வழியாகக் கியர்பாக்ஸின் மேல்பாகம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே சைலென்சர் பைப் ஓடுகிறது. அதன் மேல் இருக்க வேண்டிய அலுமினியத் தடுப்புத் தகடு துருவேறிப் பாதிதான் மிச்சம். வலது கை டிரைவிங் வண்டியில் டனல் ஓட்டுபவரின் இடது பக்கம். இடது கால் வேகாமல் என்ன செய்யும்.

ஹீட்டர் மேலும் சந்தேகம் இருந்தது. இந்த வயது வண்டிகளில் ஹீட்டர் வால்வு முழுசாக மூடாமல் சுடுதண்ணீர் கசிந்து, குளிர்ந்த காற்றையே மறுபடி சூடாக்குவது சகஜம். ஹீட்டர் ஹோஸைக் கிளாம்பால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தோம். வென்ட்டில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பக்கம் சுத்தம்.

கடல் காற்றின் கணக்கு

மூன்றாவது புகார்தான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. கடல் காற்று வந்ததும் வெளியே சூடு இறங்குகிறது. கண்டென்சருக்கு நல்லதுதானே? பிறகு ஏன் உள்ளே புழுக்கம்?

மே மாதத்தில் வடசென்னையின் மதியம் எப்படி மாறும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று, 40, 41 என்று எகிறும். கடல் காற்று நுழைந்ததும் 33க்கு இறங்கும், சட்டை உடம்போடு ஒட்டும். கடல் காற்று வரவே வராத நாட்களில்தான் ஊர் வறுபடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்: ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் தண்ணீர். 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்: சுமார் 25 கிராம். இரண்டையும் கூலிங் காயிலில் 8 டிகிரிக்கு இறக்க வேண்டும் என்று வையுங்கள். 8 டிகிரிக் காற்றால் 8 கிராம் தண்ணீரைத்தான் தாங்க முடியும், மிச்சம் காயிலில் சொட்டாக விழ வேண்டும். ஒவ்வொரு கிராம் நீராவியும் தண்ணீராகும்போது இரண்டரைக் கிலோஜூல் சூட்டைக் காயிலிடம் கொடுத்துவிட்டுத்தான் விழும். எல்லாம் கூட்டினால், 41 டிகிரி வறண்ட காற்றுக்குச் சுமார் 50 கிலோஜூல். 33 டிகிரிக் கடல் காற்றுக்குச் சுமார் 70. தோலுக்கு இதமான காற்று ஏசிக்கு அதிகச் சுமை.

இந்தச் சுமை வெளிக்காற்றை உள்ளே எடுத்தால் மட்டுமே. ரீசர்க்குலேஷனில், உள்ளே ஏற்கெனவே காய்ந்த காற்றே சுற்றி வரும். சுமை சடசடவென்று இறங்கிவிடும். சார் எப்போதும் ரீசர்க்குலேஷனில்தான் வைக்கிறார், லீவர் அந்த முனையில்தான் இருக்கிறது. இங்கேதான் வண்டிக்கு அடியில் சொட்டிய தண்ணீர் உதவியது. கடற்கரைப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் நிறுத்திய இடத்தில் குட்டை கட்டுகிறது, அரை மணி ஆனாலும் சொட்டு நிற்பதில்லை. ஏசி சூப்பராக வேலை செய்கிறது என்பதற்கு அதை ஆதாரமாக அவரே காட்டினார். ரீசர்க்குலேஷனில் இத்தனை தண்ணீர் வர வழியில்லை. கேபினில் அவ்வளவு ஈரம் கிடையாது.

க்ளவ் பாக்ஸைக் கழற்றினோம். லீவர் நகர்கிறது, கேபிள் நகர்கிறது, கேபிளின் நுனியைப் பிடிக்கும் கிளிப் மட்டும் உடைந்திருக்கிறது. உள்ளே, வெளிக்காற்று வாயை மூட வேண்டிய ஃப்ளாப் பாதியில் நின்றபடி அதை விட்டுக்கொண்டிருந்தது. வெளிக்காற்று நுழையும் வாய் எங்கே இருக்கிறது? முன் கண்ணாடியின் அடியில், பானட்டின் பின் விளிம்புக்குப் பக்கத்தில். வண்டி நிற்கும்போது என்ஜின் வெக்கை எழும்பி வரும் இடமும் அதுதான். ஈரமும் வெக்கையும் டிரெய்லர் டீசல் புகையும் சேர்ந்து நேராகக் கூலிங் காயிலுக்கு.

அந்தக் கிளிப் கைவிரல் நகத்தளவு பிளாஸ்டிக். மொத்த வேலையிலேயே பெரிய பலன் கொடுத்தது அதுதான் என்பது என் கணிப்பு.

செய்த வேலை

கிளிப்புக்குப் பதில் சின்ன ஸ்டீல் கொக்கி வளைத்துப் போட்டோம். க்ளவ் பாக்ஸ் கழன்றிருந்ததால் கூலிங் காயிலையும் பார்த்தோம். இந்த வண்டியில் கேபின் ஃபில்டர் கிடையாது. காயில் முகத்தில் பஞ்சும் சாம்பல் நிறத் தூசியும் அடை அடையாக. கழுவினோம்.

கண்டென்சரைத் தண்ணீர் மட்டும் விட்டு, பின்னாலிருந்து முன்னாக, மெதுவாகக் கழுவ வேண்டும். ப்ரெஷர் வாஷ் அடித்தால் தகடுகள் மடங்கி, அடைப்பைவிட மோசமாகிவிடும். கடல் உப்பு ஏறிக் கீழ்வரிசைத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் உதிர்கின்றன. இப்போதைக்கு லீக் இல்லை.

அடி கவரைத் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிச் செய்தோம். போல்ட் போட்டு இறுக்கவில்லை, முன்பக்கம் அழுத்திப் பொருத்தும் கிளிப்புகள். அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் உரசினால் கிளிப் விட்டுக்கொடுக்கும், கவர் கிழியாது. திரும்ப அழுத்தினால் போதும். பக்கவாட்டு இடைவெளிகளுக்குத் தண்ணீர் குடிக்காத ஃபோம் பட்டை. சோபா ஃபோமை வைத்து அடைக்கிறவர்கள் உண்டு; ஒரு மழைக்காலத்தில் ஊறி நாறி விழுந்துவிடும்.

கியர் பூட் இங்கே கிடைக்கவில்லை. சார் வெளிநாட்டில் இருந்து வரவழைத்தார். கஸ்டம்ஸ் கிளியரிங் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. சைலென்சர் பைப்புக்கு மேலே புது அலுமினியத் தகடு, டனல் தரையில் இருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் ஓடும் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. தகட்டைத் தரையோடு ஒட்டிவிட்டால் சூடு அப்படியே மேலே ஏறும். உள்ளே கார்ப்பெட்டுக்கு அடியில் ஃபாயில் ஒட்டிய மேட் விரித்ததும் பலன் தந்தது. ஆனால் பூட்டையும் தகட்டையும் சரி செய்யாமல் மேட் மட்டும் போட்டிருந்தால் காசுக்குப் பிடித்த கேடுதான்.

நிறுத்துவது பற்றி

ஏசியைவிட இதற்குச் செலவு குறைவு, பேச்சு அதிகம். மண்ணடியில் நிழல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காத பட்சத்தில் திசையைப் பார்க்கலாம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில்; இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மதியத்துக்கு மேல் நிற்கப்போகும் வண்டியின் மூக்கைக் கிழக்கே வைத்தால் படுத்திருக்கும் முன் கண்ணாடிக்கு மேற்கு வெயில் நேராகப் படாது. பின்னால் இருப்பது சின்ன பிளாஸ்டிக் ஜன்னல்தான்.

சன்ஷேடைக் கண்ணாடிக்கு உள்ளே வைப்பதைவிட வெளியே வெளிர்நிறத் துணி போடுவது மேல். உள்ளே வந்துவிட்ட வெயிலில் ஒரு பகுதிதான் திரும்பப் போகும். வெளியிலேயே தடுத்தால் வரவே வராது. கறுப்புக் கூரைக்கும் சேர்த்து ஒரு அரை கவர் தைத்துக்கொண்டார். போடும் முன் உதற வேண்டும், இல்லையென்றால் தூசி பிளாஸ்டிக் ஜன்னலைத் தேய்த்துவிடும். ஜன்னலை ஒரு விரல் இறக்கிவைப்பதில் பெரிய பலன் இல்லை; தெருப்பூனைக்கு வேண்டுமானால் வசதி.

சன் பிலிம் கேட்டார். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் பிலிம் ஒட்டவே கூடாது என்றது. முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பிறகு விதி திருத்தப்பட்டு, 2024இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த அளவுக்குள் உள்ள பிலிமுக்கு வழி விட்டிருக்கிறது. ஆனால் மூலக்கொத்தளத்தில் கை காட்டி நிறுத்தும் டிராஃபிக் போலீஸிடம் நின்று தீர்ப்பை வாசித்துக் காட்ட எத்தனை பேருக்குப் பொறுமை? வேண்டாம் என்றோம், சரி என்றார்.

கிளம்பும்போது ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் ஒரு வசதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையைத் திறந்து ஒரு தெரு ஓட்டினால் தேங்கிய வெக்கை மொத்தமும் போய்விடும். மூடிவிட்டு ஏசி போட்டு, உடனே ரீசர்க்குலேஷன். சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கை மட்டும் வெயிலில் விடாமல் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடச் சொன்னேன். அவர் முன்கையில் ஏற்கெனவே ஒரு தழும்பு இருந்தது.

வேலைக்குப் பிறகு

அதே பட்டறை வாசல், வெளியே 36 டிகிரி, 1500 சுற்று: ஹை சைடு 230 பிஎஸ்ஐ, வென்ட்டில் 9 டிகிரி. கண்டென்சரின் கீழ் ஓரத்தில் 39. மதியம் கடல் காற்று வந்த பிறகு எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டிப் பார்த்தோம். கன்டெய்னர் வரிசையில் மாட்டி நின்றபோது வென்ட் 12 வரை ஏறியது, அதற்கு மேல் போகவில்லை, கம்ப்ரஸர் வெட்டவும் இல்லை. தண்ணீர் சொட்டு முதலில் வேகமாக வந்து, பிறகு அடங்கியது.

முழுசாகத் தீராதவையும் உண்டு. உச்சி வெயிலில் தலைக்கு மேல் துணிக்கூரையின் வெக்கை இன்னும் தெரிகிறது. இந்தக் கூரைக்கு உள் லைனிங் இல்லை, தைத்துப் போட்டால் மடக்கும்போது இடிக்கும் என்று கூரைக்காரர் கைவிரித்துவிட்டார். கண்டென்சர் அடுத்த கோடை தாண்டாது. அலுமினியத் தகடு உப்பில் உதிர்வதை எதுவும் திருப்பாது. கத்திரி தொடங்குவதற்கு முன், மார்ச்சுக்குள் புதிது போட வேண்டும் என்று சொல்லி, விலையும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். பழைய கம்ப்ரஸரே தொடர்கிறது. எண்ணெய் எடுத்துப் பார்த்தோம், நிறம் மாறவில்லை, உலோகப் பொடி இல்லை. அதை மாற்றச் சொன்ன எஸ்டிமேட் தாள் சாரின் க்ளவ் பாக்ஸில் இன்னும் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில்தான் புது கண்டென்சரின் பார்ட் நம்பரை எழுதிவைத்திருக்கிறார்.